தாடிக்காரன் ஒட்டிய பிரஷ்

அத்தியாயம் 3

மூன்றாவது குத்தில் கலைவாணனின் கீழுதடு கிழிந்தது. நான்காவது விழுவதற்குள் கார்குழலி குறுக்கே புகுந்து, ஓங்கிய கையின் சுண்டுவிரலை மட்டும் பிடித்துப் பின்பக்கமாக மடக்கினாள். ஆறடி உயரமும் அதற்கேற்ற அகலமும் கொண்ட தெய்வசிகாமணி அந்த ஒற்றை விரலுக்காகத் தரையில் மண்டியிட்டார்.

"என்னை எதுக்கும்மா புடிக்கிறீங்க? நான் உங்க கிளையண்ட்டு!"

"அதனாலதான் விரலோட நிறுத்தியிருக்கேன்."

"மத்தவங்களுக்கு மணிக்கட்டு வரைக்கும் போவாங்க சார்" என்றான் செம்மல், வாசலில் ஹெல்மெட்டைக் கழற்றியபடி. "உங்களுக்குச் சலுகை."

முத்தியால்பேட்டை மணிக்கூண்டுக்குப் பின்னால், பைக்குகளுக்கு சீட் தைக்கும் கடை அது. கடைக்குப் பின்கட்டிலேயே வீடு. கடைக்காரன் கலைவாணன் ரெக்சின் சுருள்களுக்கு நடுவில் கிடந்து ரத்தம் துப்பிக்கொண்டிருந்தான். கழுத்து வரை இறங்கிய காட்டுத் தாடிக்குள் பாதி ரத்தம் காணாமல் போனது.

கார்குழலி முன்பு சிவப்புத் தொப்பி போட்ட போலீஸ்காரி. பிறகு தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு உப்பளத்தில் துப்பறியும் அலுவலகம் திறந்தாள். செம்மல் அவளுடைய உதவியாளன். தூக்கத்தில்கூட அவன் வாய் சும்மா இருக்காது என்று அவன் மனைவியே புகார் சொல்லியிருக்கிறாள்.

நேற்றுதான் தெய்வசிகாமணி அந்த அலுவலகத்துக்கு வந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதார். பாகூர் பக்கத்து விவசாயி. ஒரே தங்கை கவிநிலா, வீட்டை மீறி வேற்றுச் சாதிக் கலைவாணனைக் கட்டிக்கொண்டவள். இப்போது எட்டாம் மாதக் கர்ப்பிணி. அவளை ஒரு வாரமாகத் தெருவில் யாரும் பார்க்கவில்லை. கேட்டவர்களிடம், "அம்மா வூட்டுக்குப் போயிருக்கா" என்று கலைவாணன் சொல்லியிருக்கிறான். அம்மா வீட்டுக்கு அவள் போகவே இல்லை.

"கொன்னுட்டாம்மா. என் தங்கச்சி உடம்பையாவது கண்டுபுடிச்சுக் குடுங்க" என்று மேசையில் நெற்றியை மோதிக்கொண்டார் அண்ணன்.

பெரிய உடம்புக்காரர்கள் அழுதால் கார்குழலிக்கு மனசு இளகிவிடும். அது அவளுடைய தொழிலுக்கு ஆகாத குணம். கேஸை எடுத்துக்கொண்டாள்.

இன்று வரும் வழியிலும் ஒரு கூத்து நடந்தது. மணிக்கூண்டிலிருந்து நேர்த்தெருவில் வந்தால் கடை வந்துவிடும். தன் காரில் கார்குழலியை ஏற்றி வந்த தெய்வசிகாமணி, "அந்தத் தெரு வேணாம். சுத்திக்கிட்டுப் போலாம்" என்றார்.

"ஏன் சார், நாய் இருக்குதா?" பக்கத்தில் பைக்கில் வந்த செம்மல் ஜன்னல் வழியே கேட்டான்.

"என் மாமியாரு இருக்குது. மச்சினி கல்யாணத்துல எளைய மாப்ளைக்கு மொதல்ல சந்தனம் குடுத்துட்டு எனக்கு அப்பறமா குடுத்தாங்க. இனிமே அந்த வூட்டுப் படிய மிதிக்கறதில்லன்னு எங்கப்பா சமாதி மேல கை வச்சு சத்தியம் பண்ணிட்டேன். பொண்டாட்டி போவா, வருவா. நான் போமாட்டேன்."

"சந்தனத்துக்கா சார்?"

"மரியாதைக்கு!"

ஆக, மரியாதையாக ஊரைச் சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்திருந்தார்கள். வந்ததும் மரியாதையாக இறங்கி, மைத்துனன் வாயைக் கிழித்துவிட்டார் தெய்வசிகாமணி.

"எங்கடா என் தங்கச்சி?" மடங்கிய விரலைத் தேய்த்தபடி இப்போதும் சீறினார்.

"தெரியாது" என்றான் கலைவாணன். நேற்று கார்குழலி போனில் கேட்டபோது சொன்னதும் அதே ஒரு வார்த்தைதான்.

"இவனைப் பாத்துக்க" என்று செம்மலிடம் சொல்லிவிட்டு கார்குழலி பின்கட்டுக்குப் போனாள். ஒரே அறை. கொடியில் கவிநிலாவின் புடவைகள் இருந்தன. அடுப்பு சுத்தமாக இருந்தது. இழுத்துக்கொண்டு போன தடமோ, கழுவிவிட்ட கறையோ எங்கேயும் இல்லை. குளியலறை ஜன்னல் விளிம்பில் மட்டும் ஒரு சேவிங் பிரஷ் நிமிர்ந்து நின்றது.

அதை எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தாள்.

"தாடிக்காரன் வூட்ல சேவிங் பிரஷ்" என்றான் செம்மல். "எங்க மாமா மொட்டைத் தலைக்கு சீப்பு வச்சிருக்கற மாதிரி."

மரக் கைப்பிடி. கழன்ற முடிக்கொத்தைப் பொருத்தி ஒட்டியிருந்தார்கள், அதுவும் கோணலாக. ரெக்சின் ஒட்டுகிற மஞ்சள் பசை விளிம்பெல்லாம் வழிந்திருந்தது. பசை பிடிக்கட்டும் என்று, கொத்தின் அடியையும் கைப்பிடியின் கழுத்தையும் சேர்த்துக் கருப்புக் கயிற்றால் சுற்றிச் சுற்றி இறுக்கியிருந்தார்கள். கார்குழலி கட்டைவிரலால் தொட்டாள். பசை நூலாக இழுத்துக்கொண்டு வந்தது.

"குடுங்க மேடம். இந்த மாதிரி கைப்பிடிக்குள்ளதான் வைரம், மைக்ரோ ஃபிலிம் எல்லாம் ஒளிச்சு வச்சிருப்பாங்க." செம்மல் வாங்கி ஓர் இழு இழுத்தான். முடிக்கொத்து தனியாகக் கையோடு வந்தது. குழிக்குள் எட்டிப் பார்த்தான். பசையைத் தவிர எதுவும் இல்லை. "சே. ஏழை வீட்டு பிரஷ்ஷு."

"வெந்நீர்ல நனைச்சா இந்தப் பசை நிக்காது. சீட்டுக்காரன், கைக்கு எது கெடச்சுதோ அத வச்சு அவசரமா ஒட்டியிருக்கான்" என்றாள் கார்குழலி. "இன்னும் காயல. காலைலதான் ஒட்டியிருக்கணும். ஏன் ஒட்டினான்?"

"ஒடஞ்சிருக்கும், ஒட்டியிருப்பான்."

"உன் பொண்டாட்டி மாசமா இருந்தப்ப நீ எப்படித் திரிஞ்ச?"

"அத ஏன் கேக்கறீங்க. சவரம் கூடாதுன்னு எங்கம்மா சொல்லிட்டாங்க. சாமியாருன்னு நெனச்சு ரெண்டு பேரு கால்ல வுழுந்தாங்க."

"எப்ப எடுத்த?"

"புள்ள பொறந்தப்பறம்..." என்ற செம்மல் அப்படியே நின்றான்.

"அதேதான். இவன் இத்தனை மாசம் தாடி வளர்த்திருக்கான். அவளுக்கு இப்பதான் எட்டாம் மாசம். இன்னும் எவ்வளவோ நாள் கெடக்குது. அப்பறம் எதுக்கு இன்னிக்கு பிரஷ்ஷ ரெடி பண்றான்?" அவள் குரல் இறுகியது. "அவ வயித்துல இனிமே புள்ள இல்லன்னு இவனுக்குத் தெரியும்."

கலைவாணன் முகத்தில் அடிபடாத இடமெல்லாம் வெளுத்துப்போனது.

தெய்வசிகாமணி கூரை இடியக் கத்துவார் என்று கார்குழலி எதிர்பார்த்தாள். அவர் கத்தவில்லை. செம்மல் கையிலிருந்த கைப்பிடியை வாங்கினார். கருப்புக் கயிற்றை நகத்தால் நெம்பிப் பார்த்தார். மூக்கருகே கொண்டுபோனார். கண்ணை மூடித் திறந்து, திருப்பிக் கொடுத்தார்.

"எனக்கு மயக்கமா வருதும்மா" என்றார் மெதுவாக. "நீங்க பாருங்க."

பாவம், துக்கம் தாங்கவில்லை என்று கார்குழலி நினைத்தாள்.

அந்த அரை விநாடிக்காகத்தான் கலைவாணன் காத்திருந்தான். காலால் எத்தியதில் பசை டின் பறந்து செம்மலின் நெஞ்சில் மோதியது. கார்குழலியைத் தோளால் இடித்துத் தள்ளிவிட்டு, வாசலில் நின்ற ஏதோ ஒரு வாடிக்கையாளரின் பைக்கில் ஏறினான். புது சீட்டு, பாலித்தீன் உறைகூடப் பிரிக்கவில்லை.

"டேய்!"

"நீங்க புடிங்க, நான் கார்ல பின்னால வர்றேன்!" என்றார் தெய்வசிகாமணி.

செம்மல் பிரஷ்ஷின் இரண்டு துண்டுகளையும் சட்டைப் பையில் திணித்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினான். கார்குழலி பின்னால் தாவி ஏறினாள். கலைவாணன் தெற்கே பறந்தான். காந்தி வீதியில் காய்கறி வண்டி ஒன்று கவிழ்ந்தது. ஒருவழிப் பாதையில் எதிர்ப்பக்கமாகப் புகுந்தான். மஞ்சள் சுவர் ஓரம் கல்யாணப் போட்டோவுக்கு நின்ற மாப்பிள்ளையும் பொண்ணும் ஆளுக்கொரு பக்கம் குதித்தார்கள்.

"மொத சண்டைய நாமளே ஆரம்பிச்சு வச்சிட்டோம் மேடம்!"

"ரோட்டப் பாருடா!"

உப்பளத்தில், பழைய துறைமுகத்துக்குப் போகிற மணல் திருப்பத்தில் பைக் சறுக்கியது. கலைவாணன் உருண்டு எழுந்து, துருப்பிடித்த இரும்புக் குவியலுக்குப் பின்னால் ஓடினான். துரத்திப் போன செம்மலுக்கு முதல் வரவேற்பு ஒரு குழாய். அது தோளில் இறங்கிய சத்தம் கார்குழலிக்கே கேட்டது. செம்மல் விழுந்தான். விழுந்தவன் மேல் ஏறி மிதித்துக்கொண்டு கலைவாணன் அவளை நோக்கி வந்தான். குழாய் அவள் காதை உரசிப்போய் இரும்பில் மோதித் தீப்பொறி பறந்தது. அவள் குனிந்து முழங்காலில் உதைத்தாள். விழுந்தான். எழப்போனவனின் தாடியைக் கொத்தாகப் பிடித்து முகத்தைத் தரையில் மோதினாள். ஒரு முறை, இன்னொரு முறை. வயிற்றுப்பிள்ளைக்காரியைக் கொன்றவன் என்ற நினைப்பில் அவளுக்கு ரத்தம் கொதித்தது. கையை நிறுத்த அவள் விரும்பவில்லை.

"எங்க போட்ட அவள?"

"அடி" என்றான் கலைவாணன், வாயில் மணலோடு. "சாகற வரைக்கும் அடி. சொல்லமாட்டேன்."

"மேடம்..." செம்மல் ஒரு கையை ஊன்றி எழுந்துகொண்டிருந்தான். மிதிபட்ட சட்டைப் பையிலிருந்து கைப்பிடி இரண்டாகப் பிளந்து விழுந்தது. கருப்புக் கயிறு சுருள் பிரிந்து மணலில் கிடந்தது.

சின்னக் கயிறு. ஒரு சாண்கூட இருக்காது. அதன் ஒரு முனையில் பழுப்பாக ஏதோ கோத்திருந்தது. பிரஷ்ஷில் சுற்றியிருந்தபோது அது அடிச்சுற்றுக்குள் மறைந்திருந்தது. கார்குழலி ஒரு கையால் கலைவாணனின் கழுத்தை அழுத்தியபடியே மறுகையால் அதை எடுத்து முகர்ந்தாள்.

பசை நாற்றத்தையும் மீறி வசம்பு வாசனை வந்தது.

பச்சைக்குழந்தையின் இடுப்பில் கட்டுகிற கயிறு. காற்றுக் கருப்பு அண்டாமல் இருக்க வசம்புத் துண்டு கோத்த கயிறு. செத்த பிள்ளைக்கு யாரும் வசம்பு வாங்கமாட்டார்கள்.

கழுத்திலிருந்த கை தளர்ந்தது.

"ஆம்பளப் புள்ளையா, பொம்பளப் புள்ளையா?" என்று கேட்டாள்.

அதுவரை இரும்பாகக் கிடந்த கலைவாணன் உடைந்துபோனான். மணலில் முகம் புதைத்து அழுதான்.

"பொண்ணு... எட்டாம் மாசத்துலயே பொறந்துடுச்சி. என் கையளவுதான் இருக்கா. கயிறு நீளமாப் போயிடுச்சின்னு பாதிய வெட்டினாங்க. அந்தத் துண்டத்தான் நான் சட்டைலயே வச்சிட்டுத் திரிஞ்சேன். காலைல வேற கயிறு கெடைக்காம அதையே பிரஷ்ல சுத்திட்டேன்."

"பொண்டாட்டி?"

"நல்லா இருக்கா. அவ காணாமப் போவல, நாங்கதான் மறைச்சு வச்சிருக்கோம். கல்யாணம் ஆன அன்னிக்கே அவங்கண்ணன் சொன்னாரு, ஒரு புள்ள பொறக்கட்டும், மூணு பேரையும் ஒரே குழில போடறேன்னு. அவ வூட்ல இல்லன்னதும்தான் உங்கள்ட்ட வந்திருக்காரு."

கார்குழலி செம்மல் பக்கம் திரும்பினாள். "அவரு உடம்பத் தேடி வரல செம்மல். உயிரோட இருக்கறவளக் கண்டுபுடிக்கத்தான் நம்மள ஏவிவிட்டாரு."

"அப்ப பிரஷ்ஷு எதுக்குய்யா?" செம்மல் தோளைப் பிடித்துக்கொண்டு கேட்டான்.

"புள்ளயத் தூக்கப் போனா தாடி குத்துது, கத்தறா. தோலு அவ்ளோ மெலுசு. சவரம் பண்ணிட்டு வா, அப்பறம் தரேன்னு கவி சொல்லிட்டா. பொறந்ததுலேர்ந்து நான் ஒரு முத்தம் குடுக்கல மேடம்."

"எங்க இருக்காங்க?"

அவன் தயங்கினான். பிறகு சொன்னான். "கமலா அக்காதான் பாத்துக்கறாங்க. கவியோட அண்ணி, அவங்கண்ணன் சம்சாரம். அவங்க அம்மா வூட்ல வச்சிருக்காங்க. அந்தப் படிய அவரு மிதிக்கமாட்டாருன்னு ஊருக்கே தெரியும். அதான் உங்க எல்லாரையும் இந்தப் பக்கம் இழுத்துக்கிட்டு ஓடியாந்தேன்."

சந்தனத்துக்காகச் சுற்றிவந்த தெரு. கார்குழலி திரும்பிப் பார்த்தாள். மணல் திருப்பத்தில் எந்தக் காரும் இல்லை.

"இந்தக் கயிறு யாரு கட்டினது?"

"கமலா அக்காதான். வசம்புக்கு ரெண்டு பக்கமும் எரட்ட முடிச்சு போடுவாங்க."

"அவங்க புள்ளைக்கும் அவங்கதான கட்டியிருப்பாங்க?"

கலைவாணன் நிமிர்ந்தான். கடையில் தெய்வசிகாமணி கயிற்றை நகத்தால் நெம்பியது, முகர்ந்தது, திடீரென்று சாந்தமானது எல்லாம் மூவருக்கும் ஒன்றாக விளங்கியது. அவர் மயங்கவில்லை. தன் மகன் இடுப்பில் பார்த்த முடிச்சை அடையாளம் கண்டுகொண்டார். கமலா கட்டியதென்றால், அவள் ஒளித்துவைக்கக்கூடிய வீடு ஒன்றுதான்.

மூன்று பேரும் ஒரே வண்டியில் வடக்கே பறந்தார்கள். கலைவாணன் நடுவில் உட்கார்ந்து கமலாவின் எண்ணை அழுத்திக்கொண்டே வந்தான். யாரும் எடுக்கவில்லை. கார்குழலி போலீஸுக்குச் சொன்னாள். யாரைக் கொல்லத் துடிக்கிறானோ அவளையே தேடித்தரச் சொல்லி வந்தவனிடம், தன் வாயாலேயே துப்பைக் கொடுத்துவிட்டாள். அந்தக் கோபம் முழுக்க அவளுக்குத் தன் மேல்தான்.

தெருமுனையிலேயே சத்தம் கேட்டது. அக்கம்பக்கத்தார் கதவுகளைச் சாத்திக்கொண்டிருந்தார்கள். பழைய வீடு; தெருவிலிருந்து ஒரே படி, படிக்கு மேல் நிலை, பிறகு கதவு. தெய்வசிகாமணியின் கையில் அரிவாள். அந்த நிலையிலும் அவர் படியில் கால் வைத்திருக்கவில்லை. இரண்டு கால்களையும் தெருவில் ஊன்றி, உடம்பை முன்னால் வளைத்து, எட்டி எட்டிக் கதவை வெட்டிக்கொண்டிருந்தார். தங்கையை வெட்ட வந்த ஆள், செத்துப்போன அப்பாவுக்குக் கொடுத்த வாக்கை மட்டும் காப்பாற்றிக்கொண்டிருந்தார். இப்படிப்பட்டவர்களின் மானம் எங்கே இருக்கிறது என்று யாராவது விளக்கினால் தேவலை.

"வெளிய வாங்கடி! கமலா, நீயும் வாடி!"

கதவின் மேல்பாதி சிராய் சிராயாகப் பெயர்ந்திருந்தது. வெட்டு விழுந்து விழுந்து கதவு உள்பக்கமாகத் தொங்கியது. உள்ளேயிருந்து குழந்தை அழுதது. ரொம்பச் சின்னச் சத்தம்.

அந்தச் சத்தம் அவரை என்னவோ செய்தது. சத்தியம் பறந்தது. வலது காலைத் தூக்கி, படியைத் தாண்டி, நிலைக்குள்ளேயே வைத்தார்.

கதவு மறைவில் நின்ற கமலா, முட்டுக்கொடுக்க உருட்டி வந்திருந்த காலி கேஸ் சிலிண்டரை இரண்டு கையாலும் தூக்கி அந்தப் பாதத்தின் மேல் போட்டாள்.

எலும்பு நொறுங்கியது தெரு முழுக்கக் கேட்டது. அலறிக்கொண்டே சுழன்றவரின் அரிவாள் கண்மண் தெரியாமல் வீசியது. பைக் நிற்பதற்குள் குதித்து ஓடிய கலைவாணன் வாசலை மறித்து விழுந்தான். வெட்டு அவன் முன்னங்கையில் இறங்கி, நிலையில் ரத்தம் அடித்தது. இரண்டாவது வெட்டுக்கு ஓங்கிய கையைக் கார்குழலி பிடித்துவிட்டாள்.

"இன்னிக்கு சலுகை முடிஞ்சுது சார்" என்றாள். மணிக்கட்டை அது போகக் கூடாத பக்கத்துக்குத் திருப்பினாள். அரிவாள் விழுந்த பிறகும் அவள் விடவில்லை. சிவப்புத் தொப்பிகள் வந்து இறங்கி, அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது.

ஜீப்பில் ஏற்றும்போது தெய்வசிகாமணி திரும்பிப் பார்த்தார். "உங்கள நம்பித்தானம்மா கேஸ் குடுத்தேன்."

"கேஸ் முடிஞ்சுது சார்" என்றான் செம்மல். "தேடச் சொன்ன ஆளு கெடச்சுட்டாங்க. ரிப்போர்ட்ட உங்க கால்லயே எழுதிட்டாங்க."

ஆம்புலன்ஸ் வரும்வரை கலைவாணனைப் படியில் உட்கார வைத்துக் கையில் துணி சுற்றினார்கள். கவிநிலா உள்ளேயிருந்து சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். மார்போடு ஒரு வெள்ளைத் துணி மூட்டை. அவனைப் பார்த்தாள், ரத்தத்தைப் பார்த்தாள், உதடு துடித்தது. ஆனால் சொன்னது இதைத்தான்.

"தாடியோட வந்திருக்க."

"பிரஷ்ஷு ஒடஞ்சிடுச்சி" என்றான் அவன், குற்றவாளி போல.

செம்மல் சட்டைப் பையைத் துழாவினான். முடிக்கொத்து மட்டும் இருந்தது. "கைப்பிடி உப்பளத்துல போச்சு. இதான் மிச்சம்."

கமலா அதை வாங்கினாள். உள்ளே போய் தன் அப்பாவின் ரேசரும், சோப்பும், ஒரு சொம்பு வெந்நீரும் கொண்டுவந்தாள். புருஷனை ஜீப்பில் அனுப்பிவிட்டு நிற்கிறவள் அவள். கத்தரியால் தாடியை வெட்டிக் குறைத்தாள். முடிக்கொத்தை விரல்களுக்கு இடையில் பிடித்து வெந்நீரில் முக்கி, கலைவாணன் முகத்தில் நுரை போட்டாள். கிழிந்த உதட்டருகே நுரை சிவந்தது. அவன் முனகவில்லை.

முகம் வெளியே வந்தபோது செம்மல் மெல்லச் சொன்னான்: "மேடம், பாருங்க, இவன் சின்னப் பையன்."

கலைவாணன் எழுந்து, வெட்டுப்பட்ட நிலையைத் தாண்டி உள்ளே போனான். கவிநிலா மூட்டையை அவன் கன்னத்தருகே உயர்த்தினாள். குழந்தை அழவில்லை.

படியில் உட்கார்ந்திருந்த கமலாதான் அழுதாள், முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு. கார்குழலி பக்கத்தில் அமர்ந்து, அந்தக் கருப்புக் கயிற்றுத் துண்டை அவள் கையில் வைத்தாள். இதைப் பார்த்தால் இவள் மனசு இன்னும் நொந்துபோகுமோ என்று பயமாகத்தான் இருந்தது.

கமலா தன் முடிச்சைத் தானே தடவிப் பார்த்தாள். ஒட்டியிருந்த மஞ்சள் பசையை நகத்தால் சுரண்டி எடுத்தாள்.

"வீணாக்கக் கூடாது" என்று கயிற்றை இடுப்பில் செருகிக்கொண்டாள். "புள்ள பெருத்தா, இடுப்புல இருக்கறது பத்தாது. இதையும் சேத்துத்தான் கட்டணும்."